குழியிலிருந்து பின்னோக்கி: கோல்ஃப் ஆட வருகிறவருக்கு ஒரு வழிகாட்டி

கோல்ஃப் கற்க வருகிறவர் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது டிரைவரைத்தான். பையிலேயே நீளமான மட்டை அது. தலையும் பெரியது. தொலைக்காட்சியில் ரோரி மெக்கில்ராய் அதை வீசினால் பந்து 300 கெஜம் தாண்டிப் போய் விழுகிறது. ஆசை வராமல் இருக்குமா? ஆனால் புதியவர்களுக்கு இந்த ஆட்டம் சீக்கிரமே கசந்துபோவதும் பெரும்பாலும் அந்த மட்டையால்தான். பெரிய ஆட்டக்காரர்களிடம் இருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை இரண்டு உண்டு: சின்ன அடிகளில் அவர்கள் காட்டும் அக்கறை, ஓர் அடி சொதப்பிய பிறகு அடுத்த அடிக்கு முன்னால் அவர்கள் எடுக்கும் முடிவு. இரண்டுக்கும் உடல் பலம் வேண்டாம். அறுபது வயதில் தொடங்குகிறவரும் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் கணக்கு

ஒரு முழுச் சுற்று என்பது 18 குழி. நல்ல ஆட்டக்காரர் ஒரு குழியை எத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்பதற்கு ஓர் எண் வைத்திருப்பார்கள். அதுதான் பார். குழியின் தூரத்தைப் பொறுத்து 3, 4 அல்லது 5. எல்லாம் கூட்டினால் வழக்கமாக 70 முதல் 72 வரை வரும். பாரைவிட ஓர் அடி குறைந்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், ஒன்று கூடினால் போகி.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. பார் போடும்போதே ஒவ்வொரு குழிக்கும் இரண்டு அடிகளைக் கிரீனில், அதாவது குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய பரப்பில், பந்தை உருட்டுவதற்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள். 18 குழிக்கு 36 அடி. அதாவது பார் 72ல் சரிபாதி. டிரைவரோ ஒரு சுற்றில் 14 முறைக்கு மேல் பையிலிருந்து வெளியே வருவது அபூர்வம். பயிற்சி நேரத்தை எங்கே போடுவது என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 1: கிரீனில் தொடங்குங்கள்

டைகர் உட்ஸுக்கு அவருடைய அப்பா ஏர்ல் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தது கிரீனில் தொடங்கித்தான். முதலில் குழிக்குப் பக்கத்தில் உருட்டுவது, அப்புறம் கிரீனுக்கு வெளியிலிருந்து சின்னதாகத் தட்டுவது, அப்புறம் இன்னும் பின்னால் என்று, குழிக்கான முதல் அடியை அடிக்கும் இடமான டீ வரை போனார்கள். 1997ல், 21 வயதில், நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸை 12 அடி வித்தியாசத்தில் வென்றவர் கற்ற வழி இது. நமக்கும் போதும்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இதற்கென்றே ஓர் அருமையான இடம் இருக்கிறது. உலகின் கோல்ஃப் பைத்தியங்கள் எல்லாம் ஒருமுறையாவது மிதித்துவிடத் துடிக்கும் ஓல்ட் கோர்ஸுக்குப் பக்கத்திலேயே, மேடும் பள்ளமுமாக, பந்தை உருட்டி மட்டுமே ஆடும் ஒரு பட்டிங் மைதானம். ‘இமாலயாஸ்’ என்று கூப்பிடுகிறார்கள். பெண்கள் மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்குவது அழகல்ல என்று நினைத்த காலத்தில், 1867ல், பெண்களுக்கான பட்டிங் கிளப் அங்கே தொடங்கியது. மைதானத்தை வடிவமைத்தவர் ஓல்ட் டாம் மாரிஸ், பிரிட்டனின் ஓபன் போட்டியை நான்கு முறை வென்றவர். இன்றைக்கும் சில பவுண்டு கொடுத்தால் மட்டையும் பந்தும் தருவார்கள். குழந்தைகள், பாட்டிகள், அடுத்த நாள் ஓல்ட் கோர்ஸில் ஆடப்போகும் பணக்காரர்கள் எல்லாரும் ஒரே மேட்டில் பந்தை உருட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஊருக்குப் போகிற வாய்ப்பு கிடைத்தால் ஓல்ட் கோர்ஸ் குலுக்கலில் பெயர் வராவிட்டாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

பயிற்சி எளிமையானது. குழியைச் சுற்றி மூன்றடி தூரத்தில் நான்கைந்து பந்துகளை வையுங்கள். எல்லாவற்றையும் வரிசையாக உள்ளே போடுங்கள், ஒன்று தவறினால் மறுபடி முதலிலிருந்து. பிறகு முப்பதடி தள்ளிப் போங்கள். அங்கிருந்து குழியில் போட நினைக்காதீர்கள். குழியிலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள் பந்து நின்றால் அது நல்ல அடி. ஒரே கிரீனில் மூன்று அடி, நான்கு அடி என்று வீணாவது திசை தவறுவதைவிட வேகம் தவறுவதால்தான் அதிகம்.

அடுத்தது கிரீனுக்கு வெளியே சில கெஜத்திலிருந்து தட்டுவது. 9 அயர்ன் என்ற இரும்புத்தலை மட்டையை எடுங்கள், கால்களைச் சேர்த்து நில்லுங்கள், உடல் எடை இலக்குப் பக்கம் இருக்கும் முன்காலில் இருக்கட்டும், கைகள் பந்துக்குச் சற்று முன்னால். மணிக்கட்டை மடக்காமல், கிரீனில் உருட்டும் மட்டையான பட்டரால் அடிப்பதுபோலவே அடியுங்கள். பந்து கொஞ்சம் பறந்து நிறைய உருளும்.

சின்ன அடிகள் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குப் பெங்களூருவின் அதிதி அசோக்கைப் பார்த்தால் போதும். டோக்கியோ ஒலிம்பிக்கில் தூரம் அடிப்பதில் அவர் பின்வரிசை. பட்டரை வைத்துக்கொண்டே நான்காம் இடம் வரை வந்தார். பதக்கத்துக்கான கூடுதல் ஆட்டத்துக்கு ஒரே ஓர் அடிதான் குறை.

படி 2: ஆறு மட்டை போதும்

விதிப்படி பையில் 14 மட்டை வரை வைக்கலாம். தொடக்கத்தில் அது சுமைதான். பட்டர், மணலுக்கு ஒரு சாண்ட் வெட்ஜ், குறைந்த தூரத்துக்கு ஒரு பிட்சிங் வெட்ஜ், 9 அயர்ன், 7 அயர்ன், தூரத்துக்கு ஒரு ஹைபிரிட். பழைய செட் வாங்குங்கள். பந்தும் பழையதே வாங்குங்கள், நிறையத் தொலையும். ஸ்பெயினின் செவே பாயஸ்டெரோஸ் சிறுவனாக பெட்ரேனா கடற்கரையில் பழைய 3 அயர்ன் ஒன்றை வைத்துக்கொண்டு எல்லா அடியும் அடித்துப் பழகினார். ஒரே மட்டையால் தாழ்வாக, உயரமாக, வளைத்து அடிக்கக் கற்ற அந்தக் கைதான் பின்னால் ஐந்து பெரிய பட்டங்களை வென்றது.

படி 3: பிடியும் வீச்சும்

பிடியில் மூன்று வகை உண்டு. வலது சுண்டுவிரலை இடது ஆட்காட்டி விரல் மேல் படியவைப்பது வார்டன் பிடி. ஓபனை ஆறு முறை வென்ற ஹாரி வார்டன் பெயரால் வழங்குவது. அந்த இரு விரல்களையும் கோத்துக்கொள்வது இன்னொன்று. ஜாக் நிக்லஸ், டைகர் உட்ஸ் இருவரும் அப்படித்தான். பத்து விரலையும் மட்டையில் வைப்பது மூன்றாவது. கை சின்னதாக இருப்பவர்களுக்கு இரண்டாவதோ மூன்றாவதோ வசதி. எதுவாக இருந்தாலும் இறுக்கிப் பிடிக்காதீர்கள். உயிருள்ள குருவியைக் கையில் வைத்திருப்பதுபோல, பறந்துவிடவும் கூடாது, நசுங்கிவிடவும் கூடாது என்று சாம் ஸ்னீட் சொல்வார். அவர் அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் 82 போட்டிகள் வென்றவர். டைகர் 2019ல்தான் அந்த எண்ணிக்கையை எட்டினார்.

பயிற்றுநர் ஒருவரிடம் சில வகுப்புகள் போய்விடுங்கள். பிடி, நிற்கும் விதம், பந்து வைக்கும் இடம் இந்த மூன்றையும் அவர் சரிசெய்தால் கட்டணம் வசூல். அதற்கு மேல் உங்கள் வீச்சு அழகாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஜிம் ஃப்யூரிக் மட்டையைத் தூக்கும்போது அது ஒரு வளையம் சுற்றிவிட்டுத்தான் கீழே வரும். அந்த வீச்சோடு 2003 யூ.எஸ். ஓபனை வென்றார், 2016ல் ஒரே சுற்றை 58 அடியில் முடித்தார். லீ டிரெவினோ தானாகவே கற்றவர். 1971ல் நான்கே வாரத்தில் அமெரிக்க, கனடிய, பிரிட்டிஷ் ஓபன் மூன்றையும் அள்ளினார். இணையத்தில் தினம் ஒரு வீடியோ பார்த்துத் தினம் ஒரு வீச்சு மாற்றுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

பந்தடித்துப் பழகும் திடலான டிரைவிங் ரேஞ்சில் ஒரு கூடைப் பந்து வாங்கினால் பாதியை 7 அயர்னால் அரை வீச்சு மட்டும் அடியுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் ஓர் இலக்கு வையுங்கள். மூச்சு வாங்க வேகவேகமாக அடித்துத் தீர்ப்பது நல்ல உடற்பயிற்சி, அவ்வளவே.

படி 4: மைதானத்துக்குப் போவது

முதல் முறை 9 குழி போதும். எல்லாம் பார் 3 ஆக இருக்கும் சின்ன மைதானம் கிடைத்தால் இன்னும் நல்லது. பெரிய மைதானம் என்றால் எல்லாவற்றிலும் முன்னால் இருக்கும் டீயிலிருந்து ஆடுங்கள். அதில் வெட்கம் எதற்கு?

பிரிட்டன், கனடா போன்ற நாடுகளில் இருப்பவர்களுக்கு இது சுலபம். கட்டணம் கட்டி யாரும் ஆடும் பொது மைதானங்கள் அங்கே ஏராளம். தமிழ்நாட்டில் மைதானங்கள் பெரும்பாலும் உறுப்பினர் கிளப்புகளின் கையில் இருக்கின்றன. உறுப்பினர் ஒருவரின் விருந்தினராகப் போக வேண்டும், இல்லையென்றால் வெளியாருக்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேட்க வேண்டும். கொடைக்கானல் மைதானம் 1895ல் தொடங்கியது. அங்கே உயரத்தில் காற்று மெலிசு, பந்து வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம் போகும். காட்டெருமை மேய்ந்துகொண்டிருந்தால் அது நகரும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. கொழும்பில் 1879ல் தொடங்கிய ராயல் கொழும்பு கிளப்பின் மைதானத்துக்கு நடுவே ரயில் தண்டவாளமே போகிறது.

காலர் வைத்த சட்டை, தொப்பி, தண்ணீர், விளையாட்டுக் காலணி. ஜீன்ஸைப் பல கிளப்புகளில் விடமாட்டார்கள்.

இந்தியாவில் ஆடினால், பை தூக்கிக்கொண்டு கூடவே வரும் கேடி ஒருவரைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வதையும் கேளுங்கள். அந்தக் கிரீன் எந்தப் பக்கம் சரிகிறது என்பது உங்களைவிட அவருக்குத் தெரியும். டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991ல் இந்தியன் ஓபனையே வென்றவர். ராயல் கல்கத்தா மைதானத்தில் புல் பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா, 2016லும் 2017லும் அதே பட்டத்தை வென்றார். 1913 யூ.எஸ். ஓபனில், ஃபிரான்சிஸ் வீமெட் என்ற இருபது வயது அமெச்சூர், வார்டனையும் டெட் ரேயையும் கூடுதல் ஆட்டத்தில் வீழ்த்தியபோது அவருக்குப் பை தூக்கியது பத்து வயதுச் சிறுவன் எடி லவ்ரி. கேடியை ‘டேய்’ என்று கூப்பிடுகிறவரோடு நான் இரண்டாவது முறை ஆடப்போவதில்லை.

படி 5: கூட ஆடுகிறவர்களுக்காக

மோசமாக ஆடும் புதியவரை யாரும் வெறுப்பதில்லை. மெதுவாக ஆடுகிறவரைத்தான் வெறுப்பார்கள். உங்கள் முறை வருவதற்குள் மட்டையைத் தேர்ந்தெடுத்துத் தயாராக இருங்கள். 40 வினாடிக்குள் அடித்துவிடச் சொல்கிறது விதிப்புத்தகம். ஒத்திகை வீச்சு ஒன்று போதும். முன்னால் ஆடுகிற குழுவுக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு குழி காலியாகக் கிடந்தால் பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிடுங்கள். பாரைப்போல இரண்டு மடங்கு அடித்தும் பந்து குழிக்குள் போகவில்லையா, எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடங்கள்.

மற்றவர் அடிக்கும்போது அசையாமல், பேசாமல் நில்லுங்கள். கிரீனில் அவருடைய பந்துக்கும் குழிக்கும் இடையிலான கோட்டை மிதிக்காதீர்கள். பெயர்த்த புல்லைத் திரும்ப வையுங்கள், கிரீனில் பந்து விழுந்த குழிவைச் சரிசெய்யுங்கள், மணலில் உங்கள் கால்தடத்தைச் சமன் செய்யுங்கள். பந்து ஆட்கள் இருக்கும் பக்கம் போனால் தொண்டை கிழிய ‘ஃபோர்!’ என்று கத்துங்கள். இதில் மட்டும் கூச்சமே வேண்டாம்.

படி 6: தெரிந்திருக்க வேண்டிய விதிகள்

வீசி பந்தில் படாமல் போனாலும் ஓர் அடி. பந்தைத் தேட மூன்று நிமிடம். 2019க்கு முன் ஐந்தாக இருந்தது. கிடைக்காவிட்டால் ஓர் அடி தண்டனையோடு, முன்பு அடித்த இடத்திலிருந்தே மறுபடி அடிக்க வேண்டும். அதனால் தொலைந்திருக்கும் என்று சந்தேகம் வந்த உடனே தற்காலிகப் பந்து ஒன்றை அடித்துவிட்டு நடங்கள். சிவப்புக் கம்பம் நட்ட நீர்ப்பகுதிக்குள் போனால் ஓர் அடி தண்டனை. பந்து எல்லையைத் தாண்டிய இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள் முழங்கால் உயரத்திலிருந்து பந்தைப் போட்டு ஆடலாம். மணற்குழியில் அடிப்பதற்கு முன் மட்டை பந்துக்கு அருகே மணலைத் தொடக்கூடாது. அடிக்கும்போது பந்துக்கு இரண்டு விரற்கடை பின்னால் மணலை அடியுங்கள், மணல் பந்தை வெளியே தள்ளும்.

இந்த ஆட்டத்தில் பெரும்பாலும் நடுவர் உங்கள் பக்கத்தில் இருக்கமாட்டார். 1925 யூ.எஸ். ஓபனில் பாபி ஜோன்ஸ் பந்துக்கு அருகே மட்டையை வைத்தபோது பந்து லேசாக அசைந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. தானே சொல்லித் தனக்கு ஓர் அடி தண்டனை போட்டுக்கொண்டார். அதனால் போட்டி சமனாகி, கூடுதல் ஆட்டத்தில் ஓர் அடியில் தோற்றார். பாராட்டியவர்களிடம், வங்கியைக் கொள்ளையடிக்காததற்காக ஒருவனைப் பாராட்டுவீர்களா என்கிற மாதிரி பதில் சொன்னாராம்.

கணக்குச் சீட்டையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். 1968 மாஸ்டர்ஸில் ராபர்டோ டி விசென்ஸோ 17ஆம் குழியில் எடுத்தது 3. கூட ஆடியவர் 4 என்று எழுதிவிட்டார். இவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். எழுதியதே செல்லும் என்பது விதி. அந்த ஓர் அடியில் பட்டத்துக்கான கூடுதல் ஆட்டம் கைநழுவிப் போயிற்று.

படி 7: சொதப்பிய பிறகு

என்னைக் கேட்டால் மற்ற எல்லாப் படிகளையும்விட இதுதான் முக்கியம். வால்டர் ஹேகன் 11 பெரிய பட்டங்கள் வென்றவர். ஒரு சுற்றில் ஏழு அடியாவது சொதப்பும் என்று எதிர்பார்த்தேதான் மைதானத்தில் இறங்குவாராம். ஓர் அடி கெட்டுப்போனால் அது அந்த ஏழில் ஒன்று, அவ்வளவுதான். உலகின் தலைசிறந்தவருக்கே ஏழு என்றால் நமக்கு எழுபது வைத்துக்கொள்ளலாம். கோபம் பாதி குறைந்துவிடும்.

மீதிப் பாதி முடிவெடுப்பதில் இருக்கிறது. இரண்டு ஓபன் போட்டிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1979, ராயல் லிதம். கடைசிச் சுற்றின் 16ஆம் குழியில் செவே அடித்த பந்து தற்காலிக கார் நிறுத்துமிடத்துக்குள் போய்விட்டது. விதிப்படி தண்டனையில்லாமல் பந்தை நகர்த்திவைத்து, அங்கிருந்து கிரீனில் ஏற்றி, பேர்டி போட்டு, பட்டத்தையும் வென்றார்.

1999, கார்னூஸ்டி. பிரான்சின் ஜான் வான் டி வெல்ட் கடைசிக் குழிக்கு வரும்போது மூன்று அடி முன்னிலையில் இருந்தார். பார் 4 குழியில் 6 அடித்தாலும் ஓபன் அவருக்கு. டிரைவரை எடுத்தார், பந்து ஓரமாகப் போனது. இரண்டாவது அடியிலும் தூரத்தையே பார்த்தார். பந்து பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பி அடர்ந்த புல்லில் விழுந்தது. அங்கிருந்து ஓடைக்குள். காலணியைக் கழற்றிவிட்டு ஓடைக்குள் இறங்கி நின்று யோசித்த அந்தக் காட்சியை கோல்ஃப் ரசிகர்கள் மறக்கமாட்டார்கள். கடைசியில் 7. மூவர் ஆடிய கூடுதல் ஆட்டத்தில் பால் லாரி வென்றார்.

செவேயும் துணிந்தவர்தான். ஆனால் கார்களுக்கு நடுவிலிருந்து அவருக்குத் திறந்த வழி இருந்தது, அந்த அடி அவர் கையில் இருந்தது. புதியவர் செய்ய வேண்டியது இதுதான்: பந்து மரங்களுக்குள் போய்விட்டால், இலைகளுக்கு நடுவே கிரீன் தெரியும் சின்ன ஓட்டையைப் பார்க்காதீர்கள். டீக்கும் கிரீனுக்கும் நடுவே புல் வெட்டிய பாதையான ஃபேர்வேக்குத் திரும்ப எந்தப் பக்கம் அகலமான வழி இருக்கிறது என்று பாருங்கள், பக்கவாட்டிலோ பின்பக்கமோ இருந்தாலும் சரி. ஓர் அடி போகும். ஓட்டை வழியாக அடித்தால் பெரும்பாலும் மூன்று போகும். தண்ணீருக்கு மேல் அடிக்க வேண்டியிருந்தால், பத்துக்கு ஏழு முறையாவது தாண்டக்கூடிய மட்டை கையில் இல்லாதபோது முன்னாலேயே நிறுத்திவிடுங்கள்.

படி 8: நண்பர்களோடு

மொத்த அடிகளைக் கூட்டிக்கொண்டே போனால் புதியவருக்கு 130ல் மனசு விட்டுப்போகும். ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில் ஆடுங்கள். இங்கிலாந்தில் வாலசி கிளப்பைச் சேர்ந்த டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் 1930களில் பரப்பிய முறை அது. குழிக்குக் குழி புள்ளி: போகிக்கு 1, பாருக்கு 2, பேர்டிக்கு 3. போகியைவிட மோசமானால் பூஜ்யம், அத்தோடு அந்தக் குழியை மறந்துவிடலாம்.

இதோடு ஹேண்டிகேப், அதாவது ஆட்டத் திறமைக்கேற்பத் தரும் அடிச் சலுகை, சேர வேண்டும். 2020 முதல் நடைமுறையில் இருக்கும் உலக முறையில் அது 54 வரை போகலாம். 54 என்றால் குழிக்கு மூன்று அடி சலுகை. பார் 4 குழியை 7 அடியில் முடித்தாலும் உங்கள் கணக்கில் அது பார், இரண்டு புள்ளி. இருபது வருடமாக ஆடுகிறவரோடு முதல் மாதமே சமமாகப் போட்டி போடலாம். இந்த வசதி எத்தனை விளையாட்டில் இருக்கிறது?

ஒருவருக்கு ஒருவர் ஆடும் மேட்ச் பிளேயில் எதிராளியின் சின்ன அடியை விட்டுக்கொடுக்கலாம். அமெரிக்காவும் பிரிட்டனும் அணிகளாக மோதிய 1969 ரைடர் கோப்பையின் கடைசி ஆட்டம், கடைசிக் குழி. பிரிட்டனின் டோனி ஜாக்லினுக்கு மூன்றடி தூரத்துக்குள் ஓர் அடி பாக்கி. தவறினால் அமெரிக்காவுக்கு வெற்றி. ஜாக் நிக்லஸ் குனிந்து ஜாக்லினின் பந்து அடையாளத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். ரைடர் கோப்பை முதன்முறையாக 16-16 என்று சமனில் முடிந்தது. அமெரிக்க அணித் தலைவர் சாம் ஸ்னீடுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. நான் நிக்லஸ் கட்சி.

படி 9: பார்த்துக் கற்பது

ஆண்களுக்கான நான்கு பெரிய போட்டிகளில் மாஸ்டர்ஸ் ஏப்ரலில், பிஜிஏ சாம்பியன்ஷிப் மே மாதம், யூ.எஸ். ஓபன் ஜூனில், தி ஓபன் ஜூலையில் வரும். நம் ஊர் நேரத்துக்கு ஒத்துவருவது தி ஓபன்தான். மதியம் உட்கார்ந்தால் ஞாயிறு இரவு பதினொன்றரைக்குள் முடிந்துவிடும். மாஸ்டர்ஸின் கடைசிச் சுற்று திங்கள் விடியற்காலை நாலரை வரை இழுக்கும், விடுப்பு இருந்தால் முயலுங்கள்.

டீயிலிருந்து பறக்கும் பந்தை விட்டுவிட்டு, முன்னணியில் இருப்பவர் கிரீனைத் தவறவிட்ட குழிகளை மட்டும் கவனியுங்கள். எந்தப் பக்கம் தவறவிட்டார், எந்த மட்டையை எடுத்தார், பந்து எங்கே தரைதொட்டது. பழைய ஆட்டங்களில் டர்ன்பரி மைதானத்தில் நடந்த 2009 ஓபனைத் தேடிப் பாருங்கள். டாம் வாட்சனுக்கு அப்போது 59 வயது. கடைசிக் குழியில் ஒரு பார் எடுத்திருந்தால் ஓபன் அவருடையது. போகி எடுத்து, கூடுதல் ஆட்டத்தில் ஸ்டூவர்ட் சிங்க்கிடம் தோற்றார். அந்தக் கடைசிக் குழியில் அவருடைய இரண்டாவது அடி நன்றாகத்தான் பறந்தது, கிரீனின் பின்பக்கம் உருண்டு ஓடிவிட்டது. அங்கிருந்து அவர் எடுத்தது பட்டர். நீங்களாக இருந்தால் எந்த மட்டையை எடுத்திருப்பீர்கள் என்று வீடியோவை நிறுத்திவிட்டு ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.